அக்கா ஒழித்து வைத்த அறை

"உசிரு பிடி! உசிரு பிடி!" என்று பயிற்சியாளர் நீச்சல்குளத்தின் கரையிலிருந்து கத்தினார். நான் பிடித்துக்கொண்டேன். கன்னம் உப்ப, கண் பிதுங்க, தண்ணீருக்குள் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். நான் இன்னும் இறுக்கினேன். தோழி ஷைலஜாதான் என்னைத் தோளைப் பற்றித் தூக்கி நிறுத்தினாள். மூச்சை விடச் சொன்னால் ஏன் அடக்குகிறாய் என்று அவள் கன்னடத்தில் திட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கன்னடத்தில் 'உசிரு' என்றால் மூச்சு, 'பிடி' என்றால் 'விடுங்கள்'. இது எனக்குத் தெரியாததா? மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் ரத்தம் எடுத்து முடித்ததும், கை முஷ்டியைத் தளர்த்தச் சொல்லி "முஷ்டி பிடி" என்று முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லி வந்தவள் நான். தலை தண்ணீருக்குள் போனதும் அத்தனை கன்னடமும் எங்கோ போய்விட்டது.

மேட்டூரில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆற்றுப் பக்கம் பெண்பிள்ளைகளை விடாத வீடு எங்களுடையது. அறுபது வயதில், பணி ஓய்வுக்குப் பிறகு, பெண்களுக்கான காலை வகுப்பில் ஷைலஜா என்னைச் சேர்த்துவிட்டாள். அவள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, அடுத்த தெருக்காரி. சும்மா பொழுதைப் போக்கத்தான் போனேன். ஏனென்றால் என் மிச்ச வாழ்க்கை ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

ஓய்வு பெறப் போகிறவரிடம் எல்லோரும் பென்ஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காலையில் எழுந்து என்ன செய்வாய், யாரோடு பேசுவாய் என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பதில், என் அக்கா கமலா. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை, கணவரும் காலமாகிவிட்டார். வேலை முடிந்ததும் நான் மேட்டூருக்கே வந்து அவளோடு இருப்பது என்று எப்போதோ பேசி முடித்திருந்தோம். மாடி அறையை எனக்காகத் தயார் செய்வதாகவும், சுண்ணாம்பு அடிக்கும்வரை பொறுத்துக்கொள் என்றும் அவள் சொன்னாள். அப்படிப் பொறுத்திருந்த சில மாதங்களில்தான் நான் மிதக்கக் கற்றுக்கொண்டேன்.

மல்லாந்து மிதக்கும்போது காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகம் அடங்கிவிடும். ஆயுள் முழுக்க மற்றவர்களுடைய உடம்பைப் பார்த்து வந்தவளுக்கு, எனக்கும் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. குளித்துக் கிளம்பி, நாலைந்து பேராக ஹோட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தே வீடு திரும்புவோம். வீடியோவில் கூப்பிடும் அக்கா, என் ஈரத் தலையைப் பார்த்து, "ஏங்கண்ணு, தினமுமா தலைக்கு ஊத்தற? சளி புடிச்சுக்கும்" என்பாள். "இங்க வெயில்க்கா" என்பேன். நீச்சலை ஏன் மறைத்தேன்? சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னால், வரமாட்டேன் என்று சொன்னதாகிவிடுமோ என்ற பயம்தான்.

சுண்ணாம்பு காய்ந்தது. கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை, பாலாறு செக்போஸ்ட் என்று மேட்டூர் பஸ் இறங்க இறங்க, ஒவ்வொரு வளைவிலும் நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். அறையில் புதுக் கட்டில், புதுத் திரை. காலையில் எனக்குப் பிடித்த ராகிக் களி, மதியம் தூக்கம், சாயந்திரம் கோவில், பிறகு சீரியல். அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் விடிந்ததும் ஜன்னலருகே போய், இந்நேரம் அவர்கள் குளத்தில் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தபடி நிற்பேன். ஒரு மாதம் ஆவதற்குள் என் முகம் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"உனக்கு இந்த ஊரு புடிக்கலையா, இல்ல என்னையப் புடிக்கலையா?" என்று கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

நான் நீச்சலைச் சொன்னேன். ஷைலஜாவைச் சொன்னேன். "எனக்குன்னு அங்க ஒரு காலைப்பொழுது இருக்குதுக்கா" என்றேன்.

அவள் கீரையைக் கீழே வைக்கவில்லை. "எனக்குந்தான் இருந்துச்சு. மாடியில பத்துப் புள்ளைங்களுக்குத் தையல் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். உனக்கு இடம் வேணுமேன்னு மெசினையெல்லாம் கொட்டாயில தூக்கிப் போட்டுட்டு, இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டேன்."

தையல் வகுப்பு நடப்பது எனக்குத் தெரியும். அது எந்த அறையில் நடக்கிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

"மைசூருக்கு வந்துரு அக்கா. ரெண்டு பேரும் இருக்கலாம்."

"அங்க நான் ஆருகிட்டப் பேசுவேன்? கன்னடத்துல தண்ணி கேக்கவே தெரியாது எனக்கு." கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை நான் கொட்டகைக்குப் போய் ஒரு மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். "விடுடி, இடுப்பு புடிச்சுக்கும்" என்று அதட்டியபடி வந்த அக்கா, மறுபக்கத்தைப் பிடித்தாள். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, இரண்டு கிழவிகளாக எல்லாவற்றையும் மேலே ஏற்றினோம். ஓரிடத்தில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போது மாதத்தில் ஒரு வாரம் மேட்டூர், மீதி நாள் மைசூர். ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய புத்திமதி ஏதுமில்லை. ஊருக்குத் திரும்புவேன் என்று யாரிடமாவது சொல்லி வைத்திருந்தால், அதை நம்பி அவர்கள் எதைக் காலி செய்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். வகுப்புக்குப் பழைய பிள்ளைகளில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். மற்றவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். திரும்பாத அந்தப் பாதி என் கணக்கில்தான் நிற்கிறது.

போன முறை போயிருந்தபோது, நான் எழுந்திருக்கும் முன்பே வகுப்புப் பிள்ளைகள் மாடிக்கு வந்துவிட்டார்கள். கட்டில் சுவரோரம் தள்ளிப் போடப்பட்டிருந்தது. கால்மாட்டில் வெட்டிய பிளவுஸ் துணிகள் கிடந்தன. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"இவங்க ஆருங்க, டீச்சர்?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அக்கா நிமிராமல், "என் தங்கச்சி. மைசூர்க்காரி" என்றாள்.

நான் போர்வையை மடித்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் உட்காரக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.