ஜெசி அக்காவின் முட்டியும் ஒரு அலுமினியத் தகடும்

போன வாரம் தேனியில் ஒரு பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் டயரின் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி ரிம்முக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். நனைந்த ரப்பரும் சோப்பும் சேர்ந்தால் ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு வைகை அணை ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பஞ்சர் கடைக்கும் அணைக்கும் நடுவில் ஜெசி அக்கா இருக்கிறார்.

அப்போது நான் மதுரை ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். மோட்டார் ஷாஃப்ட், கரும்பு மிஷின் உருளை என்று எது வந்தாலும் கடைந்து கொடுப்போம். கல்யாணம் ஆகாத வயது. வெர்னியர் கையில் இருந்தால் உலகத்தையே அளந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் ஜெசி அக்கா ஆள் உயரப் பலகை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. படகு இழுக்க, கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் வழுக்கிப் போகிற விளையாட்டுக்கான பலகை அது. ஸ்கீ என்றார். சென்னையில் படித்த காலத்தில் அதில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறார். பிறகு கல்யாணம், கடை, நடுவில் ஒரு முட்டி ஆபரேஷன். இத்தனைக்கும் பிறகு கேரளாவில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

"இந்தத் தகட்டப் பிடிக்கிற ஸ்க்ரூ முறிஞ்சு உள்ளயே நிக்குது தம்பி. எடுத்துத் தர முடியுமா?"

பலகைக்கு அடியில், வால் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் அந்த அலுமினியத் தகட்டுக்கு ஃபின் என்று பெயர். உள்ளங்கை அகலம்தான். முறிந்த ஸ்க்ரூவை எடுத்து, புது மரை வெட்டிவிட்டு, வழக்கம்போல ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கள் பட்டறையில் அது சட்டம். எந்தச் சாமானும் கூரோடு வெளியே போகக் கூடாது. "கூர மழுக்கிட்டியாலே?" என்று முதலாளி கேட்காமல் ஒரு போல்ட்டுகூட வாசல் தாண்டாது. "பார்ட்டி கையக் கிழிச்சுக்கிட்டாகன்னா அப்புறம் எதுக்கு இங்கன வாராக?" என்பார். ஃபின்னின் முன் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. விழுந்தால் காலைக் கிழித்துவிடுமே, பாவம் என்று அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, எமரித் தாளும் போட்டு வழவழவென்று ஆக்கினேன். கேட்காமல் செய்த உபகாரம். அக்காவிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளக்கூட இல்லை.

ஃபின்னைப் பழைய அளவிலேயே பொருத்த வேண்டும், வெர்னியரோடு வா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அணைக்குக் கூப்பிட்டார். அவருடைய அண்ணன் சாமுவேல், பழைய ஸ்பீடு போட் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, அணைத் தண்ணீரில் ஆறு மஞ்சள் எண்ணெய் கேன்களை இடமும் வலமுமாக மிதக்கவிட்டிருந்தார். படகு நடுவே நேராகப் போகும். பின்னால் வருகிறவர் ஆறு கேன்களையும் மாறி மாறிச் சுற்றி வர வேண்டும்.

பலகைமேல் இரண்டு ரப்பர் கவசங்கள் இருந்தன. பைண்டிங் என்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காலையும் அதற்குள் திணிக்க வேண்டும். லேசில் நுழையாது. அக்கா ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்து, உள்ளே பிழிந்து, காலை வழுக்கி இறக்குவார். அந்த வாசனைதான் பஞ்சர் கடையில் வந்தது.

அவருடைய நோட்டில் ஃபின்னுக்கு மூன்று அளவுகள் இருந்தன. நீளம், ஆழம், வாலிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. எல்லாம் தவுக் கணக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் வெர்னியரை வைத்ததும் கையைத் தட்டிவிட்டார். "வெர்னியர் நுனியால அள தம்பி. நடுவுல பிடிச்சா வேற கணக்கு வரும்." வெர்னியர் பிடிக்க எனக்கே பாடமா என்று சுருக்கென்றது. அளந்து பார்த்தேன், வேறாகத்தான் வந்தது.

"அஞ்சு தவு கூடக் குறைய இருந்தா தண்ணிக்குத் தெரியுமாக்கா?"

"தண்ணிக்குத் தெரியும். கரையில நிக்கிற நமக்குத்தேன் தெரியாது."

மூன்று அளவும் நோட்டில் உள்ளபடியே வைத்தோம். ஆனால் இரண்டாவது கேனைச் சுற்றும்போது வால் சறுக்கி, அக்கா தண்ணீரில் உருண்டார். மறுபடியும் அதே இடம், அதே விழுகை. பைண்டிங்கை ஒரு ஓட்டை முன்னால் நகர்த்தினால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது. பின்னால் நகர்த்தினால் மூக்கு தூக்கிக்கொண்டு, பலகை திரும்பவே மாட்டேன் என்றது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும் என்பது அக்காவின் முறை. எனக்கோ அவர் விழுவதைவிட ஏன் விழுகிறார் என்பதில்தான் கண். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் எழுந்து வரும்போது அடிபட்டதா என்று கேட்காமல் "வால் எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டவன் நான்.

அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. போட்டிக்குப் பத்து நாள்கூட இல்லை. அக்கா கரையில் உட்கார்ந்து, தையல் தழும்பு இருந்த முட்டியை அமுக்கிக்கொண்டே சொன்னார்.

"அளவெல்லாம் பழசுதேன். மாறினது இந்த முட்டி ஒண்ணுதேன். போன் போட்டு என் பேர எடுத்துரச் சொல்லுண்ணே. இனிமே இதெல்லாம் எனக்கு வேணாம்."

சாமுவேல் அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் பலகையைக் கவிழ்த்து ஃபின்னைத் துடைத்தேன். விரல் அந்த வழவழப்பில் ஓடியது. அஞ்சு தவுக்குக் கோபித்துக்கொள்கிற தண்ணீர், நான் போட்ட அரத்தைச் சும்மா விடுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பட்டறை பெயர் கெடாது, என் வேலையும் தப்பிக்கும். இதையெல்லாம் நினைத்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"அக்கா, முட்டி இல்ல. நாந்தேன்."

அரம் போட்டுக் கூர் மழுக்கியதைச் சொன்னேன். "யாரக் கேட்டுலே அதுல கைய வச்ச?" என்று அண்ணன் கயிற்றைக் கீழே போட்டார். அக்கா அவரைக் கையால் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப முட்டி இல்லையா?"

"இல்லக்கா."

"நெசமாவே முட்டி இல்லைல?"

மூன்றாம் தடவையும் அதையே கேட்டார். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்ற எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எண்ணெய்க் கல்லில் தேய்த்து அந்த ஓரத்துக்குப் பழையபடி கூர் ஏற்றினேன். தேய்ந்துபோன தகடு திரும்பி வராதில்லையா, அதனால் ஃபின்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தில் இறக்கிப் பார்த்தோம். வால் பிடித்தது, ஆனால் மூக்கு குத்தியது. பைண்டிங்கை ஒரு ஓட்டை பின்னால் தள்ளினோம். அந்த ஓட்டத்தில் அக்கா ஆறு கேனையும் சுற்றி வந்தார். போட்டியில் கடைசிக்கு முந்தின இடம். அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருந்தார்.

இன்று பட்டறை இருந்த இடத்தில் டைல்ஸ் கடை இருக்கிறது. படகை விற்றுவிட்டார்கள். அந்த மஞ்சள் கேன்களில் இப்போது யார் வீட்டில் தண்ணீர் பிடிக்கிறார்களோ. படகை விற்பதற்கு ஒரு மாதம் முன்னால் அக்கா போன் செய்தார்.

"ஸ்கீய யாருக்காச்சும் குடுத்துரலாம்னு இருக்கேன் தம்பி. இந்த வாட்டி நெசமாவே முட்டிதேன்."

நுனியால்தான் அளந்தீர்களா, பைண்டிங்கை நகர்த்திப் பார்த்தீர்களா, ஸ்க்ரூ ஏதாவது இளகியிருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"எல்லாம் பாத்துட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

போனை வைத்த பிறகும், இந்தத் தடவையும் நானே எதையாவது கெடுத்து வைத்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.