மூடாத கண்ணாடி

ஆர்னெட்டாவின் பார்லரில் சனிக்கிழமைதோறும் கதை வாசிப்பு உண்டு. சுருட்டை முடியை நேராக்குகிற இரும்புச் சீப்பு அடுப்பில் காய, முறைக்குக் காத்திருப்பவர்களில் ஒருத்தி சத்தமாகப் படிப்பாள். இப்போது லவீனியா ப்ரூ எழுதிய நாவல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. ஆர்னெட்டா ஏதாவது சாக்குச் சொல்லி அதைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

லவீனியா அமெரிக்காவின் ஜார்ஜியாவிலுள்ள இதே ஊரில், ஆர்னெட்டாவின் அம்மா உயிரோடிருந்த காலத்தில் அவர்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தவள். வெள்ளைக்காரர் வீடுகளில் துணி தேய்த்துவிட்டு வந்து எழுதுவாள். நாவல் வெளிவந்ததும், கறுப்பர்கள் நம் கொச்சைப் பேச்சை அப்படியே எழுதி மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாதியில்லாமல் செத்தாள். புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. இன்றைக்கு அந்த நாவல் கல்லூரிகளில் பாடம்.

அதில் வரும் சலவைக்காரி ஆர்னெட்டாவின் அம்மாதான். நாலு வயதில் இழந்த அம்மாவின் குரல் அவளுக்கு நினைவில் இல்லை. அம்மா வைவதையும் சிரிப்பதையும் இந்தப் புத்தகத்தில்தான் கேட்டாள். கடைசி அத்தியாயத்தில் அந்தக் குரல் நின்றுவிடும்.

இன்னொரு பயமும் இருந்தது. சாவு வீட்டில் கண்ணாடியை மூடாவிட்டால் போன உயிர் அதற்குள் சிக்கிக்கொள்ளும் என்பார்கள். அம்மா கிடந்த அறையில் கண்ணாடி திறந்தே இருந்தது. அந்தக் காட்சி மட்டும் ஆர்னெட்டாவுக்கு மறக்கவேயில்லை. கண்ணாடி முன் நின்றே பிழைக்கிறவள், அதற்குள் ஏதோ அசைவதுபோலத் தோன்றினால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள்.

"இன்னிக்காவது முடிப்பமா, இல்ல என்னப் பொதைச்சப்புறமா?" என்றாள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மோசெல்.

ஆர்னெட்டா வெள்ளைத் துணிகளை எடுத்துவந்து மூன்று கண்ணாடிகளையும் மூடினாள்.

"அப்ப என் தலைய நான் எப்படிப் பாக்குறது?" என்றாள் நாற்காலியிலிருந்த ஜெரல்டின்.

"பாத்து மட்டும் என்ன ஆகப்போவுது?" என்ற மோசெல், ஆர்னெட்டாவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

சலவைக்காரி சாகக் கிடக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி போர்வையோடு கண்ணாடியை நெருங்குகிறாள். கட்டிலிலிருந்து குரல் வருகிறது: "அத மூடாதீங்க. எம்புள்ள என்னத் தேடுமே. வேற எங்க வந்து பாக்கும்?"

மோசெல் நிறுத்தினாள். "கத எழுதுறவ, கண்ணு. இட்டுக்கட்டியிருப்பா."

"இருக்கும்."

சீப்பு புகைந்தது. ஆர்னெட்டா அதை இறக்கிவைத்துவிட்டு நடுக் கண்ணாடியின் துணியை மட்டும் உருவினாள். இந்த முறை பார்வையைத் தாழ்த்தவில்லை.

"படிங்க சிஸ்டர்," என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. "மெதுவாப் படிங்க."