அம்மன் வாசலில் ஒரு கழிப்பறைப் படம்

என் மகள் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்பு படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். அது என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் போன பங்குனியில் அவளுக்குக் கொடுத்த ஒரு வேலை மட்டும் நன்றாகப் புரிந்தது.

இன்ஃபோகிராஃபிக் என்று பெயர். சொல்ல வேண்டியதைச் சின்னச் சின்னப் படமாகப் போட்டு, நடந்துபோகிறவருக்கும் புரியவைப்பது. வரைந்து கொடுத்தால் மட்டும் மார்க் கிடையாதாம். கூட்டம் கூடுகிற இடத்தில் வைத்து, ஜனங்களுக்கு அது உதவுகிறதா என்று நின்று பார்த்து எழுத வேண்டுமாம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் தீமிதி வந்துகொண்டிருந்தது. அதற்கே செய்கிறேன் என்றாள். அம்மனே கொடுத்த வேலை என்று நினைத்தேன்.

செருப்பு விடும் இடம், குடிதண்ணீர், அன்னதானம், ஆம்புலன்ஸ் எல்லாம் போட்டாள். குளத்துக்கு வடக்கே பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை திறந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. விடிந்ததிலிருந்து மஞ்சள் புடவையோடு வரிசையில் நிற்கிற பெண்கள் படுகிற பாட்டை நான் பட்டிருக்கிறேன். அதைப் பெரிதாகப் போடச் சொன்னேன்.

விழாக்குழுத் தலைவர் பார்த்துவிட்டு, "பாப்பா பிரமாதமா போட்டிருக்கு. நாங்களே ஃப்ளெக்ஸ் அடிச்சுக்கிறோம்" என்று வாங்கிக்கொண்டார்.

தீமிதி அன்று போய்ப் பார்த்தால் பாதி ஃப்ளெக்ஸில் அவர் கும்பிட்டபடி சிரிக்கிறார். சுற்றிலும் குழுக்காரர்கள். குடிதண்ணீர்ப் படம் நகத்தளவு. கழிப்பறை இல்லவே இல்லை.

"என்னண்ணே, கழிப்பறை எங்க?"

"ஏம்மா, அம்மன் படத்துக்குக் கீழ கக்கூஸ் படத்தப் போடுறதா? கோவில்மா இது."

"உங்க மூஞ்சிய மட்டும் போடலாமா?" என்றாள் மகள். நான் அவளை அதட்டவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. செவ்வாய், வெள்ளி தவறாமல் அம்மனுக்கு விளக்கு வைக்கிறவள் நான். தன்னைப் பார்க்க வந்தவள் அடக்கிக்கொண்டு நிற்பதா அம்மனுக்கு மரியாதை? இப்படி யார் இவர்களுக்குச் சொன்னது?

அந்த நேரம் பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண், "அக்கா, அவசரமா இருக்கு, எங்க போறது?" என்று என் காதோரம் கேட்டாள். குரல் அழுகிற மாதிரி இருந்தது. நானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். அதற்குள் மகள் வீட்டுக்கு ஓடி, தான் எடுத்துவைத்திருந்த பிரிண்டைக் கொண்டுவந்தாள். பேன்சி கடையில் டேப் வாங்கி ஃப்ளெக்ஸ் மேலேயே ஒட்டினேன். வேறு இடமில்லை. தலைவரின் கும்பிட்ட கை மறைந்துபோயிற்று.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்து வடக்கே திரும்ப ஆரம்பித்தார்கள். மகள் ஓரமாக நின்று போனில் குறித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் வேகமாக வந்தார். "எவ ஒட்டுனது, என் மேல?"

"நான்தாண்ணே. கிழிக்கணும்னா இவங்க முன்னாடியே கிழிங்க."

மஞ்சள் புடவைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"திருவிழா முடிஞ்சதும் எடுத்துடணும், ஆமா."

"முடிஞ்சதும் உங்களையும் சேத்துத்தாண்ணே எடுப்பாங்க."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவர் போய்விட்டார். நான் உள்ளே போய் அம்மன் முன்னால் நின்றேன். என் கோபத்தைத் தணித்துவிடு தாயே என்று வேண்டிக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை.