நோராவின் சிப்பிச் சோப்பும் என் டீசல் பைப்பும்

நான் வேலை பார்க்கும் அயர்லாந்துத் துறைமுக ஊரில், ஒரு வண்டிக்கடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், கடந்து போகிறவர்கள் அந்தக் கால்களைப் பார்த்து, “பரவாயில்லையே, இன்றைக்கு மழை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் கால்களிடமே ஒரே காலையில் மூன்று பேர் சொன்னார்கள். “ஆமாம், அழகான நாள்” என்று நானும் படுத்தபடியே பதில் சொன்னேன். மூக்கில் டீசல் சொட்டிக்கொண்டிருந்தது.

நம்மூரில் இது நடக்குமா? மார்த்தாண்டத்தில் ஒருவன் பானெட்டைத் திறந்தால், கல்யாண வீட்டில் இலை போட்ட மாதிரி. அழைக்கவே வேண்டாம். கல்யாணமான புதிதில் மனைவி ரஹ்மத்தைக் குளச்சல் கடற்கரைக்குக் கூட்டிப்போன அன்று, வழியில் ஸ்கூட்டர் நின்றது. ஏழு பேர் கூடி ஏழு நோய் சொன்னார்கள். எட்டாவதாக வந்தவர் டேங்கைக் குலுக்கிப் பார்த்து, பெட்ரோல் இல்லை என்றார். அத்தனை பேர் நடுவில் ரஹ்மத் சிரித்த சிரிப்பில், கூட்டமே கூடாத ஒரு நாட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என்ன நேரத்தில் நினைத்தேனோ, பலித்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரஹ்மத் வருகிறாள். விசாவுக்காக மூன்று வருடம் காத்திருந்து, வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறி, தனியாக வருகிறாள். வெளியே வரும் வாசலில் நிற்பேன் என்று சத்தியம் செய்திருந்தேன். நிற்காவிட்டால் அடுத்த விமானத்தில் கோட்டாற்று வீட்டுக்கே திரும்பிவிடுவேன் என்று அவளும் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற ஆள். விமானம் இரண்டு மணிக்கு, விமான நிலையம் மூன்று மணி நேரத் தூரம், பஸ்ஸும் கிடையாது. காலை எட்டு மணிக்குப் பார்த்தால், என் பழைய பிக்கப்பின் அடியில், டேங்கிலிருந்து டீசல் கொண்டுபோகும் இரும்பு பைப் உப்புக் காற்றில் துருப்பிடித்து, ஊசி முனை அளவு ஓட்டை வழியாகச் சொட்டுகிறது. ஊர் மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். “செவ்வாய்க்கிழமை பார்த்துவிடலாம்” என்று மிகவும் அன்பாகச் சொன்னார்.

நிஜாமுக்கு வீடியோ கால் போட்டேன். ரஹ்மத்தின் தம்பி, மார்த்தாண்டத்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அங்கே மதியம்.

“மச்சான், செல்போனப் பைய கீழ கொண்டு போங்க. ஆங், கண்டாச்சு. சின்ன ஓட்டதான்.”

திரையில் அவன் தோளுக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பிறகு இன்னொன்று. மட்டி வாழைக்குலையைத் தோளில் வைத்தபடியே ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“எங்கன ஒழுகுது, நமக்கும் காட்டும் ஓய்.”

“கடக்கரைல வண்டிய விட்டா சவம் ஒழுகாம என்ன செய்யும்?”

“டீசல்ல டேப்பு நிக்காது மக்கா. கட்டிச் சோப்பப் பெசஞ்சு அப்பி, மேல துணியச் சுத்தச் சொல்லு.”

எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள். மார்த்தாண்டத்தில் பத்துப் பேர் ஒரே கருத்தாக இருந்ததை அன்றுதான் கண்டேன். குளிக்கிற சோப்பா, துவைக்கிற சோப்பா என்பதில் மட்டும் சண்டை நடந்தது.

“மக்கா, அக்காட்ட மட்டும் சொல்லிராத.”

“அக்கா ஆகாசத்துல பறக்கா மச்சான். யாரு சொல்லப் போறா?”

என் வீட்டில் கட்டிச் சோப்பே இல்லை. எல்லாம் அமுக்கினால் வழிகிற பாட்டில்கள். ஆறு சந்தனச் சோப்பு எடுத்து வைத்திருக்கிறேன் என்று ரஹ்மத் சொன்னபோது, சோப்பால் பெட்டி எடையை ஏற்றாதே, இங்கே எல்லாம் கிடைக்கும் என்று பெரிய மனிதன் போலப் பேசியிருந்தேன். கடை பதினொன்றுக்குத்தான் திறக்கும். நான் பத்துக்குள் கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டு நோராவின் கதவைத் தட்டினேன். வயதானவர், பார்வை குறைந்து கார் ஓட்டுவதை விட்டுவிட்டவர்.

“கட்டிச் சோப்பு இருக்கிறதா? ரொம்ப அவசரம்.”

நோரா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். டீசல், சேறு. அவர் கண்ணில் இரக்கம் வந்தது. ஒரு துண்டைக் கையில் கொடுத்து, குளியலறைக்குக் கூட்டிப்போய், சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, “அவசரமே வேண்டாம்” என்று கதவைச் சாத்தினார். உள்ளே ஒரு தட்டில் சிப்பி வடிவத்தில் ஊதா நிற லாவண்டர் சோப்பு. விருந்தாளிகளுக்காக வைப்பது, விருந்தாளிகள் தொடக்கூடாது. அதன்மேல் தூசு படிந்திருந்தது.

சிப்பியோடு நான் நனையாமல் வெளியே ஓட, துண்டோடு நோரா பின்னால் வந்தார். நான் அதைப் பிசைந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, பைப்பில் அப்பித் துணி சுற்றுவதைக் குனிந்து பார்த்தார். “இது உங்கள் ஊர் வழக்கமா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. சொட்டு நின்றது. போனில் மார்த்தாண்டம் ஆரவாரம் செய்தது.

சத்தியம் செய்தபடி விமான நிலைய வாசலில் நின்றேன். ரஹ்மத் தள்ளுவண்டியோடு வந்தாள். மூன்று வருடமாகச் சொல்ல வைத்திருந்த வார்த்தைகளை நான் தேடுவதற்குள், அவள் கிட்டே வந்து கேட்டாள்:

“சோப்பு நிக்குதா?”

நிஜாம் வாக்குத் தவறவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான், அவ்வளவே. “நிக்குது” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சோப்பு வேண்டாம்னு சொன்னியளே” என்றாள் அவள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் அடியில் நுழைந்து பார்த்தேன். லாவண்டர் லேசாகக் கசிய ஆரம்பித்திருந்தது. ரஹ்மத் பெட்டியைத் திறந்து, ஒரு சந்தனச் சோப்பைப் பிரித்துக் கீழே நீட்டினாள். துணியை அவிழ்த்து அதையும் மேலே அப்பினேன். அந்நேரம் ஒருவர் என் கால்களைப் பார்த்து, இன்றைக்கு மழை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

“தெரிஞ்ச ஆளா? வண்டிக்கு என்னன்னு ஒரு வார்த்த கேக்காமப் போறாரு!” ரஹ்மத்துக்குப் பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் புது பைப் போட்டார். பழைய பைப்பிலிருந்து உரித்தெடுத்த கட்டியை இரண்டு விரலால் பிடித்து, முகர்ந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் என்னிடம் தந்தார். ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் மஞ்சள். ரஹ்மத் அதை எறிய விடவில்லை. ஒரு தட்டில் வைத்துக் குளியலறை ஜன்னலில் வைத்திருக்கிறாள். மழை நாளில் லாவண்டரும் சந்தனமும் டீசலும் சேர்ந்து வாசனை வரும். விருந்தாளிகளுக்காம். யாரும் தொடக்கூடாது.