மதினியின் தங்கைக்கு ஸ்கிரீன் போடுவது எப்படி?

இன்று ஒரு கல்யாணம் என்னுடைய பிளேயைக் கெடுக்கப் பார்த்தது.

பள்ளியில் நான் காமர்ஸ் டீச்சர். மாலையில் பெண் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் கோச். (கல்லூரியில் ஆடியவள். இப்போது விசில் ஊதினாலே மூச்சு வாங்குகிறது.)

இரண்டு மாதமாக ஒரே ஒரு பிளேயை, அதாவது ஆட்ட உத்தியைத்தான் பழக்கினோம். பந்து ரிஸ்வானாவிடம் இருக்கும். அவளை ஒட்டிக்கொண்டே எதிரணிப் பெண் ஒருத்தி வருவாள். எங்கள் அணியில் உயரமான செல்ஜி, அந்தப் பெண் வரும் வழியில் போய்த் தூண் மாதிரி நிற்க வேண்டும். அதுதான் ஸ்கிரீன். ரிஸ்வானா செல்ஜியின் தோளை உரசிக்கொண்டு தாண்டுவாள். துரத்தி வருகிறவள் தூணில் மோதுவாள். வேறொருத்தி ரிஸ்வானாவை மறிக்க வந்தால், செல்ஜி திரும்பி வளையத்தை நோக்கி ஓடிப் பந்தை வாங்கிப் போட வேண்டும்.

இன்று ஜெயித்தால் மாவட்டப் போட்டி. ரிஸ்வானா பன்னிரண்டாம் வகுப்பு. மாவட்ட அளவில் ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட் கேட்க முடியும். அவளுக்கு இது கடைசி வாய்ப்பு.

ஆட்டம் தொடங்கியது. செல்ஜி சரியான இடத்துக்கு வந்தாள். சரியாக நின்றாள். எதிரணிப் பெண் பக்கத்தில் வந்ததும் அழகாக ஒதுங்கி வழி விட்டாள்.

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"ஏட்டி, நீ ஸ்கிரீன் போடுதியா, கோயில் வாசல்ல நின்னு வரவேற்குதியா?" என்றாள் ரிஸ்வானா.

இடைவேளையில் செல்ஜியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்ன மக்கா, கால் வலியா?"

"இல்ல டீச்சர். அந்தப் பிள்ளை அபிஷா."

"அபிஷான்னா?"

"எனக்க மதினிக்க தங்கச்சி."

விஷயம் இதுதான். செல்ஜியின் அண்ணனுக்கும் அபிஷாவின் அக்காவுக்கும் வருகிற திங்கட்கிழமை கல்யாணம். பெண்ணுக்கு ஊர் கடியப்பட்டணம். மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து, கல்யாணத்தை ஊருக்கு அறிவித்தாயிற்று. கேலரியில் இரண்டு அம்மாக்களும் ஒரே குடைக்குள் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நீ இடிக்கல மக்கா. நீ சும்மா நிக்க. அவதான் வந்து இடிப்பா. ரூல் அப்படித்தான்."

"அந்த ரூல எனக்க மதினி வீட்டுல யாரு போய்ச் சொல்லுவா டீச்சர்?"

ரிஸ்வானா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"எனக்க காலேஜ் போவுது. ஒனக்கு சம்பந்தக்காரியளுக்க மொகம் வாடப்பிடாது, அப்படித்தானே?"

செல்ஜி தலையைக் குனிந்துகொண்டாள். வேறு ஆளை நிறுத்தலாமா என்று பார்த்தேன். மற்ற பிள்ளைகளை அபிஷா இடித்தால் பறந்துவிடுவார்கள்.

கால் எங்கே, தோள் எங்கே, கை எங்கே என்று இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எதிரே நிற்பது யாராக இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கல்யாணமான புதிதில் நானும் எத்தனையோ பேருக்கு ஒதுங்கி நின்றவள்தான். (அதற்கெல்லாம் ஃபவுல் சொல்ல ரெஃப்ரி இல்லை.)

இரண்டாம் பாதி. செல்ஜி வந்தாள், நின்றாள். இந்த முறை அசையவில்லை. அபிஷா ஓடி வந்து மோதிக் கீழே விழுந்தாள். விசில் இல்லை. சுத்தமான ஸ்கிரீன். நான் துள்ளிவிட்டேன்.

ரிஸ்வானாவை மறிக்க இன்னொருத்தி வந்தாள். இனி செல்ஜி வளையத்துக்கு ஓட வேண்டும். ரிஸ்வானா பார்க்காமலே அங்கே பந்தை எறிந்தாள்.

அங்கே யாரும் இல்லை.

செல்ஜி குனிந்து அபிஷாவைத் தூக்கி, உடையில் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பந்து நேராகப் போய் சிப்ஸ் பொட்டலத்தில் விழுந்தது.

கடைசிப் பன்னிரண்டு விநாடி. ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். டைம் அவுட் கேட்டேன்.

"மக்கா, அவ விழுந்தா இப்ப எழுப்பாண்டாம்."

"விழுந்தவள போட்டுட்டு ஓடினான்னு கல்யாண வீட்டுல சொல்லுவாவ டீச்சர்."

"ஜெயிச்ச பெறவு ரெண்டு கையாலயும் தூக்கு. யாரு வேண்டாம்னா?"

ரிஸ்வானா இந்த முறை திட்டவில்லை. "நான் பந்த ஒனக்குத்தான் தருவேன். பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கிரீன். மோதல். அபிஷா விழுந்தாள். விழுந்தவள் கையை வேறு நீட்டினாள். (வேண்டுமென்றேதான். போன தடவை நடந்ததை அவளும் பார்த்தாள் அல்லவா.)

செல்ஜி அந்தக் கையைப் பார்த்தாள்.

பிறகு திரும்பி ஓடினாள்.

பந்து வந்தது. பலகையில் பட்டது. உள்ளே விழுந்தது. ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். ரிஸ்வானா அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

எங்கள் பிள்ளைகள் செல்ஜியைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். அவளோ அபிஷாவிடம் ஓடிக்கொண்டிருந்தாள்.

அபிஷா முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நன்றாகவே உரிந்திருந்தது.

"ஏட்டி, திங்கக்கிழமை போட்டோவுல இது தெரியுமே."

செல்ஜி அவளை இரண்டு கையாலும் தூக்கினாள். "முழுக்கை பிளவுஸ் போடுட்டி."

"தச்சாச்சே. அரைக்கை."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிளே சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

நாகர்கோவில் நண்பர்களே, அரைக்கை பிளவுஸை நாளை மாலைக்குள் முழுக்கையாக மாற்றித் தரும் தையல்காரர் யாரையாவது தெரியுமா? துணி இளம்பச்சை. கமெண்டில் சொல்லுங்கள், அவசரம்.