குமிழிக் காருக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு சாண் நீளத்துக்குக் கார் பொம்மை செய்ய உட்கார்ந்தார். அமெரிக்காவில் யாரோ கண்காட்சிக்கென்றே கையால் கட்டிய காரின் நகல் அது. அசல் உலகப் பிரசித்தமாம். கூரைக்குப் பதில் கண்ணாடிக் குமிழி. நம் வெயிலில் அதற்குள் உட்கார்ந்தால் ஆள் வெந்துவிடுவான். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஒரு ஆட்டுக்குட்டியை ஏற்றிப் போகக்கூட லாயக்கில்லை. இந்தக் கண்றாவிக்காக என் சாப்பாட்டு மேசை போனது. வீடெல்லாம் பெயிண்ட் நாற்றம். ஃபேன் போடக்கூடாது, தூசி படியுமாம்.

பெங்களூரில் பொம்மை கார்க்காரர்கள் கூடும் கண்காட்சி ஒன்று உண்டு. போன தடவை இவர் கொண்டுபோனதை அங்கே ஒருத்தரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முகம் தொங்கிப்போய் வந்தார். அவர்கள் வாயால் ஒரு 'நைஸ்' வாங்கிவிட வேண்டும், அதற்குத்தான் இத்தனை தவமும்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. ஸ்கூட்டர், மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து நிமிர்ந்தால், பொம்மையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வண்டின்னு செஞ்சாச்சு. பூஜை போடாம எப்படி வெளிய எடுக்கறது? உன் கை ராசியான கை, நீயே பொட்டு வெய்யி” என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கை ராசி என்று அவர் சொன்னது அன்றுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊதுபத்திக் குச்சி நுனியில் குங்குமம் தொட்டு, காரின் முன்பக்கம் கடுகளவு வைத்தேன்.

அதோடு விட்டாரா? சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தே தீருவேன் என்றார். தளியிலிருந்து வரும் காய்காரம்மாவிடம் சொல்லிவைத்துப் பிஞ்சாகத்தான் வாங்கியிருந்தார். அந்தப் பிஞ்சே சக்கரத்தைவிடப் பெரிசு. நசுங்க வேண்டுமே என்று அழுத்தித் தள்ளினார். பழம் அப்படியே இருந்தது, சக்கரம்தான் பிய்த்துக்கொண்டு வந்தது. இவர்தான் தரம் பார்க்கிறவர்! திரும்ப ஒட்டியும் கோணலாகவே நின்றது.

கண்காட்சியில் எல்லாம் வழவழவென்று இருந்தன, கொண்டுவந்தவர்கள் உட்பட. கோணல் சக்கரம் தெரியாதபடி இவர் காரைத் திருப்பித் திருப்பி வைத்தார். தொப்பி போட்ட நடுவர் ஒருவர் குனிந்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை, பொட்டைப் பார்த்தார். இதையெல்லாம் இன்னும் நம்புகிறீர்களா என்று சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டார்.

நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

“நோ நோ சார், சும்மா டிசைன்” என்றார் என் வீட்டுக்காரர்.

டிசைன் நன்றாக இருக்கிறதென்று ஒரு கோப்பை கொடுத்தார்கள். பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை அதை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு கேவலமாக இருந்தது எனக்கு.

அடுத்த ஆயுத பூஜைக்குக் காரையும் கோப்பையையும் சேர்த்துத் தூக்கிவந்து, பொட்டு வை என்று நீட்டினார். குங்குமக் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.

“டிசைன்தானேங்க. நீங்களே வரைஞ்சுக்குங்க.”