முந்நூற்று எழுபத்தைந்தா, நானூற்று ஐம்பத்தெட்டா?

மக்களே, இதை எழுத்துக்கூட்டியாவது தமிழிலேயே படியுங்கள். ஃபோனில் பேசி அனுப்பச் சொன்னீர்கள். பேசினால் பாதியிலேயே சிரித்துவிடுவேன், கதை நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. மேளாவில் பலூன் சுடும்போதுகூட உங்கள் அப்பன் எனக்குப் பத்துக்கு ஒன்று விழுந்தால் அதிகம். ஆனாலும், ஆப்பிரிக்காவில் ஒருவர் தனக்கென்று சொல்லிச் செய்யும் வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தக் காலிபர், அதாவது எந்த நம்பர் குண்டு என்று முடிவானதில் தாராவியில் இருக்கும் நம் தோல் பட்டறைக்கும் ஒரு பங்கு உண்டு. நம்பாவிட்டால் உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

அப்போது நான் சொந்தமாக மெஷின் போட்டு மூன்றாவது மாதம். பழைய முதலாளியிடம் சும்மா சொல்லிவிட்டு வந்திருக்கலாம். "இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கே வேலை வராவிட்டால் அதே வாசப்படியை மிதிக்க வேண்டும். இரண்டு மாதமாக வந்தது எல்லாம் அறுந்த பை, கிழிந்த பர்ஸ்.

அந்த நேரத்தில்தான் மாட்டுங்காவில் வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் மேடம் கூப்பிட்டார். இடுப்பில் கட்டும் தோட்டா பெல்ட் ஒன்று, அதில் பத்துத் தோட்டா செருக பத்து லூப். கேட்டவர் காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி. நம் நாட்டில் வேட்டையே கூடாது. அங்கே லைசென்ஸ் உண்டாம். காட்டெருமை திரும்பிப் பாய்ந்தால் கூட வந்தவர்களைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பு. முதல் பெல்ட் பிடித்தால் கூட்டாளிகளுக்கும் நம்மிடமே செய்வார் என்றார் மேடம்.

"காலிபர் முந்நூற்று எழுபத்தஞ்சுன்னு எழுதியிருக்கார், மாஸ்டர். உங்களுக்குப் புரியறதோன்னோ?"

"நம்பர் சொல்லிட்டீங்கள்ல மேடம், அது போதும்" என்றேன்.

இந்த வாய்தான் என்னைக் கெடுத்தது. பெல்ட் வேலைக்காரனுக்கு நம்பர் என்றால் அளவு. முப்பத்து நாலு என்றால் இடுப்பு முப்பத்து நாலு. வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்கு முந்நூற்று எழுபத்தைந்து பங்கு, அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் என்று மேடம் கணக்குப் போட்டுச் சொன்னார். அதே தடிமனில் ஒரு பேனா கிடைத்தது. தோலை நனைத்து, பேனாவைச் சுற்றி இழுத்துத் தைத்து, காயவைத்தேன். பத்து லூப்பும் அச்சில் வார்த்தது மாதிரி நின்றன.

கொண்டுபோய்க் கொடுத்த அன்றே மேடம் கூப்பிட்டார். "அவருக்கு மனசு மாறிடுத்து மாஸ்டர். இப்போ நானூற்று ஐம்பத்தெட்டுங்கறார்."

அது பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. திருப்பி வாங்கி, பத்தையும் பிரித்து, புதுத் தோலில் கொஞ்சம் பெரிதாகச் செய்தேன். உங்கள் அம்மா நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டே சொன்னாள்: "துப்பாக்கி வேணும்னு தெரியுது, குண்டு எதுன்னு தெரியலியாக்கும்? நான் சேலை எடுக்கப் போனா மட்டும் வாசல்ல நின்னுக்கிட்டு மணி பாக்கிய."

நான் குனிந்து அடுத்த லூப்பைத் தைத்தேன்.

அந்த மனிதரின் தடுமாற்றத்தை மேடம் விளக்கியபோது எனக்கே பாவமாக இருந்தது. முந்நூற்று எழுபத்தைந்து தூரம் போகும், மான் முதல் எருமை வரை எல்லாவற்றுக்கும் ஆகும், தோளில் உதை குறைவு. நானூற்று ஐம்பத்தெட்டில் குண்டு கனம். புதருக்குள் பத்தடியில் எருமை வந்தால் நிறுத்திப்போடும். ஆனால் உதை குதிரை உதைத்த மாதிரி இருக்குமாம். அவருக்கோ வயது ஐம்பதுக்கு மேல், வலது தோளில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. துப்பாக்கி செய்பவர் குழாயைக் கடைய முடிவுக்காகக் காத்திருக்கிறார்.

இரண்டாவது பெல்ட்டைக் கொடுத்த மறுநாள் காலை இன்னொரு மெயில். இரண்டு அளவிலும் ஒவ்வொரு பெல்ட் வேண்டும், கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை முடிவு செய்கிறேன் என்று. ஏற்கெனவே கட்டி வைத்த பெல்ட் அன்று நாலு மணிக்கு கூரியரில் போகட்டும், மற்றதைப் பிறகு அனுப்பலாம் என்றார் மேடம். கூடவே இரண்டு தோட்டாவின் படமும் என் ஃபோனுக்கு வந்தது.

இனிப் பேனா வேண்டாம், இரண்டு அளவிலும் ஒழுங்காக மரத்தில் உருட்டுக் கடைந்துகொள்வோம் என்று குர்லாவில் லேத் வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவரும் நம் ஜில்லாக்காரர்தான், என் வயதுதான். நாங்கள் இருவரும் சேர்ந்தால் வேலை கொஞ்சம், கேலி நிறைய.

"ஒம்பதரையில ஒண்ணு, பதினொண்ணரைக்குக் கொஞ்சம் மேல ஒண்ணு. சீக்கிரம் பாய்."

"படம் இருக்காவே?"

ஃபோனைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வே, நீரு எதைச் செருகப் போறீரு?"

"தோட்டாவ."

"தோட்டா பதிமூணுல்லா இருக்கு. ஒம்பதரை எங்க இருக்கு பாத்தீரா? நுனியில. குண்டுக்கு உள்ள அளவு அது. பித்தளைக் கூடு பாட்டில்னா குண்டு அதுல அடைச்ச கார்க். நீரு கார்க்குக்கு அளவெடுத்து பாட்டிலுக்குச் சட்டை தைச்சிருக்கீரு."

"ரெண்டாவதும் அப்படியா?"

அவர் விரலால் தள்ளி அடுத்த படத்தைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "யா அல்லா! ரெண்டுக்கும் அடி ஒரே பதிமூணு. ஒண்ணு கொஞ்சம் நீளம், ஒண்ணு கொஞ்சம் குட்டை. கழுத்துதான் வேற. ரெண்டு பெல்ட் எதுக்குவே? ஒண்ணு போதும்லா."

"பாய், தப்பானது பார்சல் ஆயிட்டு. நாலு மணிக்கு எடுத்துட்டுப் போயிருவான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மணி மூன்றேகால். "அப்ப இங்க நின்னு என்ன செய்தீரு? ஓடும். நான் பதிமூணுல ரெண்டு உருட்டுக் கடைஞ்சு வைக்கேன்."

மேடத்துக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. குர்லா ஸ்டேஷனில் ஸ்லோ டிரெயினில் தொற்றினேன். இரண்டே ஸ்டேஷன்தான், சயான், அப்புறம் மாட்டுங்கா. சயானில் வண்டி நின்ற நேரம் ஒரு வருஷம் மாதிரி இருந்தது. ஆப்பிரிக்காவில் அந்த மனிதர் பெல்ட்டைத் திறந்து தோட்டாவைச் செருகப் பார்க்கிறார், போகவில்லை. பெல்ட்டைத் தூக்கி மூலையில் போடுகிறார். என் மனதில் இதே படம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த படம் பழைய முதலாளியின் வாசப்படி.

படியேறிப் போனபோது கூரியர்காரர் பார்சலை எடை போட்டுக்கொண்டிருந்தார். மேடம் கையில் பேனா, கையெழுத்துப் போடப் போகிறார்.

"மேடம், அனுப்பாதீங்க. தப்பாச் செஞ்சிட்டேன்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைச் சுற்றித் தைத்ததைக்கூட மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பார்சலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நம்பர்னா அதுதான் அளவுன்னு நானும்தானே நெனச்சேன்? கணக்குப் போட்டதே நான்தான் மாஸ்டர்." கூரியர்காரரிடம் "கல் ஆனா, பையா" என்று நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னிடம், "உக்காருங்கோ, மொதல்ல காபி சாப்பிடுங்கோ" என்றார்.

அந்தக் காபி மாதிரி இன்றுவரை குடிக்கவில்லை.

புது பெல்ட்டை இரண்டு நாளில் முடித்தேன். பாய் சும்மா உருட்டு மட்டும் கடையவில்லை. படத்தைப் பார்த்து, கழுத்தும் நுனியுமாக இரண்டு மரத்தோட்டாவே செய்து வைத்திருந்தார். இரண்டும் என் லூப்பில் இறுக்கமாக உட்கார்ந்தன. இரண்டு விரலால் இழுத்தால் வந்தன. மேடம் அந்த மனிதரை வீடியோவில் கூப்பிட்டார். சிவந்த முகம், தொப்பி, பின்னால் ஒரு நாய். நான் ஒரு தோட்டாவைச் செருகினேன், எடுத்தேன், மற்றதைச் செருகினேன். அவர் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

"தோட்டா தெரிஞ்ச தனக்கே இது தோணலையாம். அப்போ பெல்ட்டைப் பார்த்து முடிவு பண்ண முடியாதேங்கறார்" என்றார் மேடம். "நீங்க என்ன சொல்றேள்னு கேக்கறார்."

"நானா? எனக்கு என்ன தெரியும் மேடம்?"

"சும்மா சொல்லுங்கோ."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தோலில் ஓட்டை போட என்னிடம் இரண்டு சுத்தியல் இருந்தன. பெரியதில் ஒரே அடி, வேலை முடிந்தது. ஆனால் மணிக்கட்டு அதிரும். கொஞ்ச நாளில் கை பயந்துவிடும், அடி விழும் முன்பே சுருங்கும். பயந்த கை கோணலாக அடிக்கும். எத்தனை தோல் பாழானது! சின்னதில் இரண்டு அடி வேண்டும், ஆனால் இரண்டும் நேராக விழும். இப்போது பெரியதால் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மேடம் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை அவர் சிரிக்கவில்லை. வலது தோளை இடது கையால் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

"அவர் ஆத்துக்காரியும் இதையேதான் ஒரு வருஷமா சொல்றாளாம். ஆனா சுத்தியல் கதையைச் சொல்லலையாம்."

மறுநாள் மெயில் வந்தது. குழாய் முந்நூற்று எழுபத்தைந்துக்குக் கடையச் சொல்லிவிட்டார். பெல்ட்டை அனுப்பலாம், கூட்டாளிகளுக்கு இன்னும் ஆறு. உங்கள் அம்மாவிடம் சொன்னதும், "அப்ப சின்னதுதான் ஜெயிச்சுதாக்கும்" என்று தன் தோளை நிமிர்த்திக்கொண்டாள். அவள் குள்ளம் என்று நான் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து அன்று பதில் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்தீர்கள். பார்சல் கட்ட நான் மட்டும் பட்டறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அந்த பெல்ட்டை என் இடுப்பில் கட்டிப் பார்த்தேன். கடைசி ஓட்டையில் மாட்டியும் நழுவியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவிலிருந்து மெஷின் வரை இரண்டு நடை நடந்தேன். பிறகு கழற்றி, கொக்கியில் பட்ட விரல் ரேகையைத் துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றினேன்.